முதல் மழை மண்ணுக்கு

கொல்லைப்புற டிரம்மின் அடியிலிருக்கும் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் முழுவதும் மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் மருமகள். முந்தின நாள் மழையில் மாமனார் பிடித்து வைத்த தண்ணீர்.

ஜன்னல் வழியாக அவருடைய மகள் பார்த்துவிட்டாள்.

இதைப் பார்க்கத்தான் அவள் ஊரிலிருந்து கிளம்பி வந்ததே. பக்கத்து வீட்டு அம்மாள் இதைப் போனில் சொன்னபோது, ஊர் வாய்க்கு மூடி ஏது என்று விட்டுவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இப்போது கண்ணெதிரிலேயே ஓடுகிறது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அதெல்லாம் தெருவில் யாருக்கும் நினைவில்லை, 'மழைக்காரர்' என்றால்தான் தெரியும். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியாக டிரம்மில் பிடிப்பார். அதற்கும் ஒரு முறை உண்டு. மழை தொடங்கியதும் குழாயின் வாயை வெளியே மண்பக்கம் திருப்பிவிட வேண்டும். மாடியில் கிடக்கும் தூசி, சருகு, பறவை எச்சம் எல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகுதான் டிரம் பக்கம். "முதல் மழை மண்ணுக்கு, மறு மழை மனுஷனுக்கு" என்பார். அந்தக் குழாயை வேறு யாரும் தொடக்கூடாது. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் மழைத் தண்ணீர்தான்.

அம்மா போன பிறகு அந்த மனுஷனுக்கு மிச்சமிருக்கிற சந்தோஷமே அதுதான். அதைப் போய் இவள் மண்ணில் திறந்துவிடுகிறாளே!

முடிவெட்டும் கடையில் பேப்பர் படித்துவிட்டு அப்பா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் கூடத்தில் வைத்தே கேட்டுவிட்டாள்.

"அண்ணி, டிரம்மைத் திறந்துவிட்டது யாரு? அப்பா முன்னாடியே சொல்லுங்க."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான். பாத்திரம் கழுவ எடுத்தேன், குழாயைச் சரியா மூடலை. என் தப்புதான் மாமா."

வாய் கூசாமல் பொய். பெற்ற அப்பாவாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்றாள் மகள். அண்ணன் வெளியூரில் வேலை பார்க்கிறான் என்ற துணிச்சல்தானே என்றாள். அப்பாதான், போகட்டும் விடும்மா, வானம் எங்கே ஓடிப்போகிறது என்றார். சொன்னாரே தவிர, முகம் வாடிப்போயிற்று.

இனிமேல் இந்த வீட்டில் இருக்க வேண்டாம், சாயங்காலமே என்னோடு கிளம்புங்கள் என்று பெட்டியை எடுத்து வைத்தாள் மகள். அப்பா மருமகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தார்.

மத்தியானம் இடி இடித்தது.

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குடையோடு கொல்லைக்கு ஓடினார் அப்பா. மகளும் பின்னாலேயே போனாள். கடைசித் தடவையாகப் பிடிக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தார். "முதல் மழை மண்ணுக்கு" என்றார். சொல்லிக்கொண்டே அதன் வாயை டிரம்முக்குள் திருப்பினார்.

கறுப்புத் தண்ணீர் கொட்டியது. சருகும் எச்சமுமாக எல்லாம் டிரம்முக்குள் போயிற்று. அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் தெளிந்து விழ ஆரம்பித்ததும், "இனிமே நமக்கு" என்று குழாயை வெளியே திருப்பினார். நல்ல தண்ணீர் அத்தனையும் மண்ணுக்குப் போனது.

மகள் பதறிப்போய்க் குழாயைப் பிடிக்கப் போனாள். பின்னாலிருந்து மருமகள் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதே" என்றாள் காதோரம்.

போன வருஷத்திலிருந்தே இப்படித்தானாம். நினைவு தடுமாறுகிறது. அண்ணன் ஒரு தடவை எடுத்துச் சொன்னதற்கு, எனக்குப் புத்தி போய்விட்டதாடா என்று கேட்டுவிட்டு, நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் சொல்வதில்லை. மழை விடும்வரை குழாய்ப் பக்கத்தைவிட்டு நகரவும் மாட்டார். அதனால் அவர் பேப்பர் படிக்கப் போகும் நேரத்தில்தான் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு டிரம்மைத் தேய்த்துக் கழுவ முடிகிறது.

"அப்போ, வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்கறாரே? நான் வந்ததும் எனக்கும் கொடுத்தாரே?"

"தெருக்குழாய்த் தண்ணிதான். குடத்துல சுமந்து வந்து டிரம்முலயும் குடிக்கிற பானையிலயும் ஊத்தி வைப்பேன்."

காலையில் பேசிய பேச்செல்லாம் மகளின் நெஞ்சைக் குத்தியது. அண்ணியின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அப்பா குடைக்குள்ளிருந்து திரும்பினார். "என்னம்மா, சரியா விழுதா? நிறைஞ்சதும் நாம கிளம்பிடலாம்."

மகள் அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

"சரியாத்தான் விழுதுப்பா. நிறைஞ்ச டிரம்மை விட்டுட்டு நீங்க எங்கே வரப்போறீங்க? பெட்டியை நானே பிரிச்சு வைக்கிறேன்."

பிறகு அண்ணியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெருக்குழாய்ல காலையில எப்போ அண்ணி தண்ணி வரும்?"