மணிபிளாண்ட்டுக்கு ஒரு ஆடிட்

அருள்புரம் பனியன் கம்பெனியின் பின்பக்கம், அனுப்பிரியா முட்டி போட்டு மணிபிளாண்ட்டின் அடி மண்ணைக் கிளறினாள். மண் ஈரமாக இருந்தது. நேற்றுத்தான் நட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் தருமுன் பனியன் கம்பெனியைச் சோதித்து மார்க் போடும் ஆடிட்தான் அவள் வேலை. போன மாதம் வேறொரு கம்பெனியின் தோட்டத்துக்கு முழு மார்க் போட்டுவிட்டு வெளியே வந்தால், அதே தோட்டம் நர்சரி டெம்போவில் ஏறி அவளை முந்திக்கொண்டு போனது. இன்னொரு தடவை ஏமாந்தால் வேலை போய்விடும்.

அதனால் உள்ளே பத்தே நிமிடம்தான். தையல் வரிசையில் எல்லோரும் மடிப்புக் கலையாத ஏப்ரனில் உட்கார்ந்திருந்தார்கள். ஓவர்டைம் கிடையாது, கட்டாயம் கிடையாது என்று ஒரே மூச்சில் ஒரே பதில். டிக் அடித்துவிட்டுச் செடிக்கு வந்துவிட்டாள்.

வேப்ப மரங்களுக்கு அடியில், வெயிலே எட்டாத இடத்தில், மணிபிளாண்ட் தரை தெரியாமல் படர்ந்திருந்தது. பழுத்த இலை ஒன்றுகூட இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

தண்ணீர் ஊற்றுவதில்லை, களை எடுப்பதில்லை, ஆபீஸ் ஏ.சி.யிலிருந்து சொட்டுவதே அதற்குப் போதும் என்றார் முதலாளி மாரப்பன்.

"மூணு வருசமா இப்படியேதானுங்க கெடக்குது. நாம செத்தாலும் அது சாகாதுங்க மேடம்."

நிழலில் நின்றும் அவருக்கு நெற்றி வியர்த்தது. அனுப்பிரியா அதையும் குறித்துக்கொண்டாள்.

ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை.

மாரப்பனுக்குப் போன் வந்து அவர் நகர்ந்ததும், கை கழுவ வந்த தையல்காரி ஒச்சம்மாளை மடக்கினாள். பயப்படாமல் உண்மையைச் சொல்லும்படி கேட்டாள். இந்தச் செடி ஆடிட்டுக்காக வந்ததா?

இந்தக் கேள்விக்கு ஒச்சம்மாளிடம் தயாராகப் பதில் இல்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"இல்ல தாயி. மூணு வருசமா பாக்கேன், செடி இங்கனயேதான் கெடக்கு."

அனுப்பிரியாவுக்கு மூச்சு வந்தது. முழு மார்க் போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

அவள் பேனாவை மூடும்போது ஒச்சம்மாள் சொன்னாள்:

"எங்களத்தான் ஆடிட்டுக்கு ஆடிட்டு வேலம்பாளையத்துலருந்து பஸ்ல கூட்டிட்டு வாராக."