நாலு விரல் இடைவெளி

டயர் கடையின் கூரை ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுகிறது. எங்கள் பிக்கப் வண்டி புதுச் சக்கரங்களில் உயர்ந்து நிற்கிறது. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்ட டயர் அளவைவிடப் பெரியவை. கடைக்காரர் வேண்டாமென்றுதான் சொன்னார். "பழைய டயர்ல வண்டி குந்தின மாதிரி இருக்கு" என்று என் கணவர் விடவில்லை. பின்சக்கரத்துக்கும் அதன்மேல் வளைந்த தகரத்துக்கும் நடுவே என் நாலு விரல் தாராளமாக நுழைகிறது. "பாத்தியா, உரசவே உரசாது." காலி வண்டியை வைத்துச் சொல்கிறார். நாளை காலை இதில் கருங்கல் ஏறும். மலைப்பாதையில் இறங்கும்போது அவர் பக்கத்தில் எங்கள் மகள் உட்கார்ந்திருப்பாள். "லோடு ஏத்தினா உக்காருமே?" என்கிறேன். "அண்ணி கேக்கறது சரிதாண்ணே," என்று கடைக்காரர் இரண்டு ஆட்களோடு பின்னால் ஏறுகிறார். ஸ்பிரிங் முனகுகிறது. இப்போது இரண்டு விரல்தான் நுழைகிறது. புது ரப்பர் வாடை மூக்கில் ஏறுகிறது. மூன்று பேருக்கே இப்படியென்றால் கல்லுக்கு? "கரப்பான் பறந்தாலே அலறுற ஆளு நீ," என்று என் கணவரும் தாவி ஏறி ஒரு குதி குதிக்கிறார். தகரம் இறங்கி என் விரல்களை டயரோடு அழுத்துகிறது. வெடுக்கென்று உருவிக்கொள்கிறேன்.

"என்ன, உரசுதா?" மேலிருந்து சிரித்தபடியேதான் கேட்கிறார். தோலுரிந்து கறுத்த விரல்களைத் தூக்கிக் காட்டுகிறேன். மற்ற மூவரும் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். அவர் மட்டும் காலை அசைக்கப் பயந்தவர்போல அங்கேயே நிற்கிறார்.