பலூன் படத்துக்கு ஒரு சான்றிதழ்

படத்தைப் புரட்டியதும் மதிப்பீட்டாளருக்கு ஒரு கணம் மூச்சு நின்று திரும்பியது.

விக்டோரியா மகாராணி காலத்துப் பத்திரிகைப் பக்கம். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். வயலில் ஒரு பலூன் இறங்குகிறது. மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. புல்லுக்கு யாரோ கையால் பச்சை தீட்டியிருந்தார்கள்.

செம்பு கலந்த அந்தப் பச்சைச் சாயம் தாளை ஊடுருவி, பின்பக்கச் செய்திகளின் மேல் பழுப்பாக இறங்கியிருந்தது. அப்படி இறங்க நூறு வருஷமாவது ஆகும். படம் அச்சான காலத்திலேயே தீட்டிய வண்ணம். ஆயுளில் ஒரு தடவை கைக்கு வந்தால் அதிர்ஷ்டம்.

இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபத்தெட்டு வருஷ அனுபவம்.

அதனால்தான் உதட்டைப் பிதுக்கினார்.

எதிரே இருந்த பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் போய் ஆறு மாதம், இது அவர் ஆசையாக வைத்திருந்த படம் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். இப்படிப்பட்டவர்களைக் கண்டால் அவருடைய குரல் தானாகக் கனிந்துவிடும்.

“மனசைத் தேத்திக்கோங்கம்மா. படம் பழசுதான். ஆனா யாரோ இப்ப சமீபத்துல கலர் அடிச்சுக் கெடுத்துட்டாங்க. பழைய பேப்பர் கடைக்காரன்கூட யோசிப்பான்.”

பூதக்கண்ணாடியைப் பிடித்து ஓரம் உதிர்வதைக் காட்டினார். பின்பக்கத்துப் பழுப்பையும் விடவில்லை. கூரை ஒழுகிய கறை என்றார். பொய்யில் மட்டும் அவர் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதையே எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

அவருக்கு என்ன நஷ்டம்? ‘வண்ணம் சமீபத்தியது. விற்பனை மதிப்பு ஏதுமில்லை’ என்று தன் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்காமலே முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

பிறகு பெரிய மனது பண்ணி, வேண்டுமானால் ஏதோ கொடுத்துத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் வந்துபோன செலவுக்காவது ஆகுமே.

அவள் சான்றிதழை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்து மடித்து வைத்தாள். பையிலிருந்து மெல்லிய வெள்ளைத் தாள்கள் இரண்டை எடுத்து, வண்ணத்தில் விரல் படாமல், படத்தை அவற்றின் நடுவே நழுவவிட்டு, கெட்டியான அட்டைக்குள் வைத்து மூடினாள். பழைய படங்கள் கெடாமல் காக்கிற, அமிலமில்லாத தாள். தேர்ந்த கை சொல்லிக்கொடுத்த பக்குவம்.

மதிப்பீட்டாளர் அவசரமாக விலையைக் கூட்டினார்.

விற்கிற எண்ணமே இல்லை என்றாள். படத்தை விற்றுப் பாதியைக் கொடு என்று கொழுந்தன் ஆறு மாதமாக உயிரை எடுக்கிறாராம். மதிப்பில்லை என்று ஒரு நிபுணர் எழுதிக்கொடுத்தால் பேச்சை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாராம்.

வாசல் வரை போனவள் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

“உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட போனேங்க. ரெண்டு பேருமே உண்மையச் சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்களேதான் உங்க விலாசத்தைக் குடுத்தாங்க.”