ஒரு சொட்டு எண்ணெய்

“வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த வண்டி இருக்கணும். தரையெல்லாம் எண்ணெய்!”

போன வாரம் மனைவி போட்ட இந்தச் சத்தத்தில்தான், தன் பழைய பிரிட்டிஷ் பைக்கை விற்க அவர் சம்மதித்தார்.

இன்று வாங்குகிறவர் வருகிறார். காலையிலிருந்து சாப்பிடாமல், கணவர் பெட்ரோல் டேங்கையே தடவிக்கொண்டிருந்தார்.

“தள்ளுங்க, வர்றவர் முன்னால மானம் போகக்கூடாது.” மனைவி மண்டியிட்டு இன்ஜின் அடியையும் தரையையும் பளிச்சென்று துடைத்தாள்.

வந்தவர் குனிந்து, இன்ஜினுக்கு அடியில் விரலை ஓட்டினார். “என்ன சார், ஒரு சொட்டுகூட ஒழுகலையே?”

கணவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். “ஒழுகவே ஒழுகாதுங்க!”

“என்கிட்டயும் இதே மாதிரி ரெண்டு வண்டி இருக்கும்மா. இந்த வண்டிங்க எப்பவும் ஒழுகும்; ஒழுகலைன்னா உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம். எண்ணெய் இல்லாம ஓட்டின இன்ஜின் எனக்கு வேண்டாம்.” வந்தவர் போய்விட்டார்.

“ஏம்மா பொய் சொன்னே? காரியமே கெட்டுப்போச்சே!” என்றார் கணவர்.

“ஒழுகலைன்னாதான் பயப்படணும்னு இத்தனை வருஷமா சொல்லி என் வாயை அடைச்சது யாரு?” சொட்டுகிற எண்ணெயைப் பிடிக்கப் பழைய தட்டு ஒன்றை அவள் இன்ஜினுக்கு அடியில் தள்ளினாள். “சாப்பிட வாங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை.”