பம்பரில் ஒரு நீலக் கீறல்

கந்தர்வக்கோட்டை சாலையோரப் பட்டறையில், காலை வெயில் தகரக் கூரைக்கு அடியில் சரிந்து வெள்ளைக் காரின் முன்பம்பரில் விழுகிறது. கறுப்பாக இருக்கவேண்டிய பிளாஸ்டிக் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. செல்வராணி மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல், விளக்குக்கு எண்ணெய் விட்ட கையோடு அதற்கும் தேங்காயெண்ணெய் தேய்த்து வந்தாள். துபாயிலிருந்து கணவன் சொன்ன யோசனை அது. "எண்ணெயில செம்மண்ணுதான் ஒட்டும், தங்கச்சி," என்கிறார் பட்டறைக்கார வீராச்சாமி. அவர் தேய்க்கத் தேய்க்க சோப்புநுரை செம்மண் நிறத்தில் வழிகிறது. துடைத்துக் காயவிட்டு, அனல்காற்று ஊதும் ஹீட் கன்னை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்துகிறார். சூடு போன வழியெல்லாம் சாம்பல் மறைந்து, கண்மாயை விட்டு ஏறிய எருமை முதுகுபோலக் கறுப்பு மேலே வருகிறது. செல்வராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண் எடுக்காமல் பார்க்கிறாள். இடது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அதில் வீட்டு கேட்டின் நீலப் பெயின்ட் அப்பியிருக்கிறது. வீராச்சாமி பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைக்கிறார்.

"கேட்டுல ஒரசுனதா? இதையும் எடுத்துட்டுக் கறுப்பு பூசிருவோம். ஒங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியவா போகுது."

"தெரியட்டும்ண்ணே. அத அப்படியே விட்டுருங்க."

சாயங்காலம் ஊர் திரும்பும் கணவன், திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்து வரச் சொல்லியிருக்கிறான். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது அவனுக்குத் தெரியாது. செல்வராணி சாவியை வாங்கிக்கொண்டு ஏறி, டிரைவர் சீட்டைத் தன் கால் எட்டும் அளவுக்கு முன்னால் இழுத்துப் போடுகிறாள்.