திரும்பி வந்த கோடிங்

"இதெல்லாம் ஒரு கோடிங்கா? ஒரே ஊர்ல ரெண்டு மாரியம்மன் கோவில் தெரு இருந்தா ஒன் புரோகிராம் எதைக் காட்டும்? மூளைன்னு ஒண்ணு இருந்தா யோசிச்சிருப்பே."

அறிவுச்செல்வன் லேப்டாப்பைத் தங்கச்சி இனியா பக்கம் தள்ளிவிட்டான். கீரனூரில் அந்த வீட்டுப் பக்கம் போகிற யார் பார்த்தாலும், அண்ணன்காரன் கண்டிப்பாகப் பாடம் நடத்துகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

பாடமாவது மண்ணாவது. அவன் வாசித்துக் காட்டியது, ஷர்லி என்கிற மென்டர், அதாவது வழிகாட்டி, அவனுக்கு எழுதி அனுப்பிய திட்டு. மூளையைப் பற்றிய வரி மட்டும் அவன் சொந்தச் சரக்கு.

அந்தக் கோடிங், ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்குத் தமிழில் வழி சொல்கிற ஓர் இலவச மேப்புக்கு. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுவது. ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு மென்டரைப் போட்டு, மூன்று மாதம் வேலை வாங்கி, தேறினால் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

திருச்சியில் எம்.இ. கடைசி வருஷம் படிக்கிற அறிவுச்செல்வன் அதில் பேர் கொடுத்தான். பேர் கொடுத்ததோடு சரி. எழுதுவதெல்லாம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு வீட்டிலிருக்கிற இனியா.

அவளுக்கு எம்.சி.ஏ. படிக்கணும். அப்பா நாகராசுவோ மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். "இத முடிச்சுக் குடு, அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்று அண்ணன் சொன்னான். நம்பினாள் பாருங்கள், அவளைச் சொல்லணும்.

முதல் நாளே சண்டைதான். கோடிங் அனுப்புகிற சாப்ட்வேரை லேப்டாப்பில் போட்டதும் அது பேர் என்ன, மெயில் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று ஆயிரத்தெட்டு கேள்வி கேட்டது.

"அண்ணே, இதுல என்னத்தப் போட?"

"எதையாச்சும் போட்டுத் தொலை. மேட்ச் பாக்கும்போதுதான் ஒனக்குச் சந்தேகம் வரும்."

போட்டுத் தொலைத்தாள். அதற்கப்புறம் அவனிடம் எதையும் கேட்கவில்லை.

ஷர்லி சாமானியப்பட்ட ஆள் இல்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியதில்லை. 'தேறாது', 'திரும்ப எழுதுங்க', 'அவசரத்துல செஞ்சது தெரியுது' என்று ஒவ்வொரு தடவையும் திருப்பியடிப்பார்.

"அந்தம்மாவுக்கு எம்மேல என்ன காண்டோ" என்று அறிவுச்செல்வன் புலம்புவான்.

"அவங்க கேக்குறது நியாயந்தாண்ணே. வேற தெருவுக்கு ஆம்புலன்ஸ் போயிட்டா உசுருல்ல போகும்?"

"ஒன்னைய நியாயம் கேட்டேனா? எழுது."

எழுதினாள். ஒரே பேரில் இரண்டு தெரு வந்தால், தண்ணி டேங்க் பக்கமா, பள்ளிக்கூடத்துப் பக்கமா என்று கேட்டுக்கொண்டு வழி சொல்கிற மாதிரி மாற்றினாள். மூன்று மாதத்தில் அது இருபத்திரண்டாவது கோடிங். 'சரி' என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

அன்றைக்கே சாப்பிடும்போது அறிவுச்செல்வன் அப்பாவிடம் பேசினான்.

"இவளுக்கு எதுக்குப்பா எம்.சி.ஏ.? நல்ல எடமா வந்தா முடிச்சு விடுங்க."

தோசை ஊற்றிக்கொண்டிருந்த இனியா கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "அப்பா, அண்ணன் செஞ்ச வேலை பூராவும் நான் எழுதிக் குடுத்தது."

"இவளா? டீ போட்டுக் குடுத்தா." அறிவுச்செல்வன் சிரித்தான்.

நாகராசு இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒம் பேர் போட்ட காயிதம் ஒண்ணு காட்டும்மா. அடுத்த நாளே எம்.சி.ஏ. சேத்து விடுறேன். அண்ணன் மேல பொறாமைப்படாத."

இனியா திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் கடைசி நேர்காணல். மகன் சான்றிதழ் வாங்குவதைப் பார்க்க நாகராசு டயர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அறிவுச்செல்வன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான்.

"நீ இங்கிட்டு வராத. உள்ளயே கெட" என்று தங்கச்சியை விரட்டினான்.

ஷர்லி திரையில் வந்தார். கண்ணாடி, நரைத்த தலை. சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"ரெண்டு தெரு பிரச்சினையை எப்படித் தீர்த்தீங்க?"

"அது வந்து மேடம்... ராப்பகலா கஷ்டப்பட்டு..."

"கஷ்டத்தைக் கேக்கல. எப்படின்னு கேட்டேன்."

"அது... ஏ.பி.ஐ. மாத்தி... டேட்டாவை..." சட்டைக் காலர் நனைந்துவிட்டது. நாகராசு திரையை விட்டுவிட்டு மகன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"போதும்" என்றார் ஷர்லி. "விண்ணப்பத்துல இருக்கிற பேருக்கு நாங்க சான்றிதழ் குடுக்கிறதில்ல. ஒவ்வொரு கோடிங் அனுப்பும்போதும் எழுதுனவங்க பேரு அதோட சேந்து பதிவாகும். அந்தப் பேருக்குத்தான் குடுப்போம். இங்க இருபத்திரண்டுலயும் ஒரே பேருதான் இருக்கு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஷர்லி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"இனியா எங்க?"