யானை நின்ற பக்கம்

கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றது.

திரையில் யானையின் தும்பிக்கை நுனி. அதன் மேல் ஒரு கரும்புள்ளி. அழிக்கப் போனவள், பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

புள்ளிக்குக் கால்கள் இருந்தன.

எறும்பு. தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

காலையிலிருந்து இதே வேலை. குழந்தைகளுக்கான பழைய படப் புத்தகம் ஒன்று மறுபதிப்புக்கு வந்திருந்தது. கிடைத்தது ஒரே பிரதி. முதுகை வெட்டித் தாள்தாளாக ஸ்கேன் செய்து, பூஞ்சைப் புள்ளி, எண்ணெய்க் கறை, ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டை எல்லாவற்றையும் கணினியில் துடைத்தெடுப்பது அவள் பொறுப்பு. சாயங்காலம் புத்தகம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

கறை என்றால் அவளுக்குக் கழுகுக் கண். அந்தப் பெருமையும் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கதை என்னவோ சாதாரணம்தான். மலையில் இருக்கும் யானைக்குக் கடலில் குளிக்க ஆசை. நடக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரி. எறும்பு என்ற சொல் எந்த வரியிலும் இல்லை.

மேசையில் கிடந்த தாள்களை அள்ளி முதலிலிருந்து புரட்டினாள்.

மலையடிவாரம். அருகம்புல் நுனியில் ஒரு புள்ளி. எறும்பு.

காலையில் அவள் அழித்த முதல் கறை அதுதான்.

அடுத்த பக்கத்தில் அது ஒரு வேரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்ததில் யானை காலை நீட்டித் தூங்க, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மழைப் பக்கத்தில் ஒரு புளிய இலைமேல் ஏறி மிதந்தது.

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அதற்கும் கடல் பார்க்க ஆசை. யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருக்கிறது. கதை எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தக் காலத்து அச்சு. இரண்டே மைகள், கறுப்பும் செங்கல் நிறமும். அதை வைத்துக்கொண்டு படம் போட்டவர் புழுதி வரைந்திருந்தார், மழை வரைந்திருந்தார், அந்தி வரைந்திருந்தார். வெறும் தாளை அப்படியே விட்டுவிட்டு, அதை அலை என்று நம்ப வைத்திருந்தார். இத்தனையும் காலையிலிருந்து அவள் கண் முன்னால்தான் இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் கறையை மட்டும் பார்த்திருக்கிறாள்.

ஆளின் பெயரைத் தேடினாள். எழுதியவர் பெயர் இருந்தது. அச்சிட்டவர் பெயர் இருந்தது. வரைந்தவர் பெயரை யாரும் போடவில்லை.

நடுப் பக்கத்துக்கு வந்தாள்.

‘யானை நின்றது’ என்று ஒற்றை வரி. என்ன கதை இது, சும்மா எதற்கு நிற்க வேண்டும் என்று காலையில் அலுத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் யானை ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. கண் கீழே பார்த்தது.

பாதத்துக்கு நேர் கீழே, தாளில் ஓட்டை. ராமபாணம் தின்ற இடம்.

அத்தனை பெரிய மிருகம் எதற்காக நின்றதோ, அது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. இப்படியே அச்சேறினால் இனி எந்தப் பிள்ளைக்கும் அது கிடையாது.

அழுகை வந்தது. ஒரு படத்துக்காகவா என்று வெட்கமாகவும் இருந்தது.

மற்ற பக்கங்களைத் திரும்ப ஸ்கேன் செய்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இம்முறை எறும்பை ஒட்டியிருந்த கறைகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். பக்கம் பக்கமாக எறும்பு திரும்பி வந்தது.

நடுப் பக்கம் மட்டும் மிஞ்சியது.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு விதி உண்டு. அழிக்கலாம், வரையக் கூடாது. ஒரு கோடுகூட. மேற்பார்வை பார்க்கும் சற்குணம் சார், வேலைக்குச் சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுவார். அவளும் வரைகிற ஆள் இல்லை. பள்ளியில் பூசணிக்காய் வரைந்தால், அது பூசணிக்காய் என்று கீழே எழுத வேண்டியிருந்தது.

வேறு பக்கத்து எறும்பை எடுத்து ஒட்டிப் பார்த்தாள். அது நடந்துகொண்டே இருந்தது. தலைக்கு மேல் யானைக் கால் வந்த எறும்பு அப்படி நடக்காது. நின்றிருக்கும். நிமிர்ந்து பார்த்திருக்கும்.

யானையின் கண்ணைப் பார்த்தாள். அது எந்த இடத்தைப் பார்க்கிறது என்று பார்த்தாள்.

கறுப்பை எடுத்தாள்.

ஓட்டை இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள், அழித்தாள், மறுபடி வைத்தாள். தலை வந்தது. கால்கள் வந்தன. ஒருவழியாக, நின்று நிமிர்ந்து பார்க்கும் ஓர் எறும்பு.

படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். இப்போது அது வெறும் புள்ளி.

பின்னால் செருப்புச் சத்தம். சற்குணம் சார் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு விரலை நேராக யானையின் காலடியில் வைத்தார்.

“இங்க ஒரு கறை நிக்குது பாரும்மா. தொடச்சிரு.”

மற்ற எறும்புகளைப் போலவே இதுவும் கறையாய்த் தெரிகிறதே என்று அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கொஞ்சம் உக்காருங்க சார்.”

முதல் பக்கத்தைத் திறந்தாள்.